பிள்ளைச் சூடு

அந்த வருஷம் ஆனி பிறந்ததுமே குற்றாலத்தில் சாரல் இறங்கிவிட்டது. வடகரை குத்தாலிங்கம் பிள்ளை எப்போதும்போல வில்வண்டி பூட்டிக்கொண்டு இரண்டு மனைவிகளையும் அருவிக்குக் கூட்டிப்போனார். மூத்தவள் பேராச்சி அவர் வீட்டுக்கு வந்து பதினான்கு வருஷமாகிறது. இளையவள் முத்துவடிவு அச்சன்புதூர்க்காரி; வந்து இரண்டு வருஷம்கூட ஆகவில்லை, வயிற்றில் எட்டு மாதம். இந்த நிலைமையில் அவள் வரவேண்டாமே என்று பேராச்சி சொல்லிப் பார்த்தாள். அக்கறையாகச் சொல்வது போலத்தான் சொன்னாள். ஒரு நாளாவது அவரோடு தனியாக வண்டியில் போய்வரலாம் என்கிற ஆசை உள்ளே இருந்தது. குத்தாலிங்கம் பிள்ளை அதைக் காதில் வாங்கவில்லை.

வண்டியை விட்டு இறங்கியதும் அவர் குடையை விரித்து முத்துவடிவின் தலைக்கு மேல் பிடித்தார். பேராச்சி பின்னால் நனைந்துகொண்டே நடந்தாள். அவளோடு அவர் அருவிக்கு வந்த வருஷங்களில் எல்லாம் குடை அவர் தலைக்கு மேல்தான் இருந்தது. அவர் முன்னால் போவார், இவள் முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு பின்னால் போவாள். ஆண்பிள்ளை என்றால் அப்படித்தான் என்று இத்தனை காலமும் நினைத்திருந்தாள். அவருக்கும் குடைபிடிக்கத் தெரியும் என்பதை அன்றைக்குத்தான் கண்டாள்.

அருவிக்கரைப் பாறை வழுக்கியதில் முத்துவடிவு சறுக்கி உட்கார்ந்துவிட்டாள். பெரிய அடியில்லை. ஆனால் எழுந்திருக்க முடியாமல் வயிற்றைப் பிடித்துக்கொண்டு, "அக்கா" என்று கூப்பிட்டாள். பேராச்சி நாலடி தள்ளித்தான் நின்றாள். ஓடிப்போய்த் தூக்கியிருக்கலாம். அவள் அசையாமல் நின்று பார்த்தாள். கண்ணிமைக்கிற நேரந்தான், அதற்குப் பிறகு அவள்தான் தூக்கினாள், அவள்தான் தாங்கி வண்டியில் ஏற்றினாள். சேலையில் இரத்தத்தைக் கண்ட குத்தாலிங்கம் பிள்ளை ஊருக்குத் திரும்புகிற யோசனையை விட்டுவிட்டு வண்டியைத் தென்காசிக்கு ஓட்டச் சொன்னார்.

தென்காசியில் ரயிலடிக்குப் போகிற வழியில் பெண்களுக்கென்று ஒரு சின்ன ஆஸ்பத்திரி இருந்தது. எட்டுக் கட்டில் போட்ட ஒரு வார்டு, ஒரு பிரசவ அறை, வாரத்தில் சில நாள் வந்துபோகிற ஒரு டாக்டரம்மா, எப்போதும் இருக்கிற தங்கபுஷ்பம் என்கிற நர்ஸ், அவளுக்கு ஒத்தாசையாக ஓர் ஆயா. அவ்வளவுதான் ஆஸ்பத்திரி. அன்று நல்ல வேளையாக டாக்டரம்மா இருந்தாள். விளக்கு வைக்கிற நேரத்துக்கு முத்துவடிவுக்குப் பெண் பிறந்தது. மாதம் நிறையாத பிள்ளை. உரித்த கோழிக்குஞ்சுபோலச் சிவந்து, முனகலுக்கும் அழுகைக்கும் நடுவில் ஏதோ ஒரு சத்தம் போட்டது.

தங்கபுஷ்பம் பிள்ளையைக் குளிப்பாட்டவில்லை. துணியால் துடைத்து, வேறு துணியில் சுற்றி, தலைக்கும் ஒரு துணியைக் கட்டினாள். பிறகு அலமாரியிலிருந்து ஒரு தகர டப்பாவை எடுத்து, பஞ்சுக்குள் வைத்திருந்த தெர்மாமீட்டரை வெளியே எடுத்தாள். அது பெரியவர்களுக்கு வைக்கிற மாதிரி அல்ல. அந்த மாதிரியில் பாதரசம் தொண்ணூற்றைந்துக்குக் கீழே இறங்காது. பிள்ளை எவ்வளவு குளிர்ந்திருந்தாலும் அது காட்டிக்கொடுக்காது. இது கீழேயும் காட்டும். டாக்டரம்மா மதராஸிலிருந்து வரவழைத்தது, ஆஸ்பத்திரியில் ஒன்றே ஒன்றுதான் உண்டு. பிள்ளையின் அக்குளில் அதை வைத்துக் கையை அழுத்திப் பிடித்துக்கொண்டு காத்திருந்தாள். எடுத்து வெளிச்சத்தில் பார்த்தபோது முகம் மாறிவிட்டது. தொண்ணூற்றிரண்டு.

சாரலில் விறகெல்லாம் நமுத்துக் கிடந்தது. வெந்நீர் போட்டுவைக்கிற ரப்பர் பை ஓட்டையாகிப் போய் மாதக்கணக்கு ஆகியிருந்தது. தாய்க்கோ குளிர்காய்ச்சல் கண்டுவிட்டது. பல் கிட்டித்து நடுங்கினாள். ஒரே வார்டில் தாயின் பாதரசம் ஏறிக்கொண்டே போயிற்று, பிள்ளையின் பாதரசம் ஏறமாட்டேன் என்றது. காய்ச்சல் தீருகிறவரை பிள்ளையைத் தாயிடம் விடக்கூடாது என்று டாக்டரம்மா சொல்லிவிட்டாள். அப்போதுதான் தங்கபுஷ்பம் சுவரோரமாக நின்றிருந்த பேராச்சியைப் பார்த்து, இங்கன வாங்க என்று கூப்பிட்டாள். சேலைத் தலைப்பை விலக்கி, பிள்ளையை வெறும் மேலோடு அவள் மாரில் ஒட்டவைத்து, சேலையாலேயே இறுக்கிக் கட்டி, மேலே ஒரு கம்பளியைப் போர்த்திவிட்டாள்.

"இனி இதுக்கு அடுப்பு நீங்கதாம்மா. கையை வச்சுப் பார்த்துக்கிட்டே இருங்க. வயிறு சுட்டு, காலு சில்லுன்னு இருந்தா குளிருதுன்னு அர்த்தம். வயித்துலயும் சில்லுன்னு ஆயிட்டுன்னா என்னைக் கூப்பிடணும். அழும்னு பார்த்துக்கிட்டு இருக்காதீங்க. குளிர்ந்துபோன பிள்ள அழாது, சத்தமில்லாமப் போயிரும்."

கடைசி வார்த்தையைக் கேட்டதும் பேராச்சிக்கு உடம்பெல்லாம் தூக்கிவாரிப் போட்டது.

அவள் மூன்று பெற்றவள். மூன்றும் வடகரை வீட்டுப் பின்கட்டில் பிறந்தன. பிறந்த கையோடு மாமியார் குருவம்மாள் அவற்றைக் கிணற்றடிக்குக் கொண்டுபோய்க் குளிப்பாட்டினாள். ஈரம் போகத் துடைத்தாளோ இல்லையோ, சுளகில் ஒரு பழந்துணியைப் போட்டுக் கிடத்தித் தரையில் வைத்தாள். தீட்டுக் கழிகிறவரை யாரும் அதிகம் தொடவில்லை. முதல் பிள்ளை மூன்றாம் நாள் பால் குடிக்க மறந்தது. அடுத்தது பிறந்த மறுநாளே. கடைசிப் பிள்ளை ஒரு வாரம் இருந்தது. அழவே அழாது, நல்ல குணம் என்று எல்லோரும் சொன்னார்கள். பிறகு அதுவும் போயிற்று. தீட்டுக்காரி நிழல் பட்டுச் சீர் தட்டிவிட்டது, பேராச்சியின் வயிற்றில் ஏதோ தோஷம் என்று பேசிக்கொண்டார்கள். மாமியாரும் செத்துப்போய், குத்தாலிங்கம் பிள்ளை அச்சன்புதூரில் பெண் பார்த்தபோது, தோஷக்காரி என்பதால் பேராச்சியிடம் யாரும் சம்மதம்கூடக் கேட்கவில்லை.

இப்போது ஒரு நர்ஸ் வந்து, போகிற போக்கில், அது தோஷமல்ல, குளிர் என்று சொல்லிவிட்டுப் போகிறாள்.

பேராச்சிக்கு அழுகை வரவில்லை. வயிற்றெரிச்சல்தான் வந்தது. எதிர்க்கட்டிலில் நடுங்கிக்கொண்டு கிடந்த முத்துவடிவைப் பார்த்தாள். இவளுக்குக் குடை. இவளுக்கு ஆஸ்பத்திரி. இவள் பெற்ற பிள்ளைக்கு மதராஸிலிருந்து கண்ணாடிக் குச்சி வந்து காத்திருக்கிறது. இவள் பிள்ளைக்கு அடுப்பாக இருக்க நான் ஒருத்தி இருக்கிறேன். என் மூன்றுக்கும் இதில் ஒன்றாவது கிடைத்ததா? அவளுக்கு அந்தக் கண்ணாடிக் குச்சியின் மேல்கூடப் பொறாமையாக இருந்தது. அதைப் பிடுங்கித் தரையில் அடிக்கலாமா என்று ஒரு நினைப்பு வந்து போயிற்று.

ஆனால் பிள்ளை அவள் மாரில் கிடந்தது. பொழுது விடியும்போது அதன் கால் சூடேறியிருந்தது. தங்கபுஷ்பம் பார்த்துவிட்டுத் தொண்ணூற்றைந்து என்று சொல்லிச் சிரித்தாள். அந்தச் சிரிப்பு தனக்கே கொடுத்த பரிசுபோல இருந்தது பேராச்சிக்கு.

பாலுக்குப் பக்கத்துக் கட்டில் ஜாஹிரா பீவி உதவினாள். தென்காசிக்காரி, நாலாவது பிள்ளை பெற்றுப் படுத்திருந்தாள், பால் பெருகி வழிந்தது. தங்கபுஷ்பம் கேட்டதும் மறுபேச்சில்லாமல் பாலாடையில் பீய்ச்சிக் கொடுத்தாள். பேராச்சி அதைச் சொட்டுச் சொட்டாகப் பிள்ளையின் வாயில் விட்டாள். ஊருக்குத் தெரிந்தால் குத்தாலிங்கம் பிள்ளைக்கு முகம் சுண்டிப்போகும். ஆகவே அவர் வாசலில் வந்து விசாரிக்கிறபோது பேராச்சி அதைச் சொல்லவில்லை. பொம்பளைப் பிள்ளைதானே என்று அவரும் அதிகம் விசாரிக்கவில்லை. முத்துவடிவுக்குக் காய்ச்சல் எப்படி என்றுதான் திரும்பத் திரும்பக் கேட்டார்.

நாள்கள் போயின. பேராச்சி உட்கார்ந்தபடியே தூங்கப் பழகினாள். பிள்ளை மூச்சு விடுவது அவள் நெஞ்சுக்கூட்டுக்குள்ளேயே கேட்டது. குளிக்கப் போகிற நேரத்தில் மட்டும் ஜாஹிரா பீவி வாங்கி வைத்துக்கொள்வாள். அந்த நேரம் பேராச்சிக்கு மாரில் சதை பிய்ந்துபோன மாதிரி வெறிச்சென்று இருக்கும், பாதி ஈரத்தோடு ஓடிவந்து வாங்கிக்கொள்வாள். ஜாஹிரா பீவியின் பாலைப் பார்த்தால் பொறாமை. எதிர்க்கட்டிலிலிருந்து முத்துவடிவு காய்ச்சல் கண்ணோடு இங்கேயே பார்த்துக்கொண்டிருப்பாள்; அந்தப் பார்வையைக் கண்டால் பேராச்சி முதுகைக் காட்டித் திரும்பி உட்கார்ந்துகொள்வாள்.

ஒரு காலையில் டாக்டரம்மா வந்தாள். முத்துவடிவுக்குக் காய்ச்சல் விட்டிருந்தது. பிள்ளைக்குச் சூடு தொண்ணூற்றேழில் நிலைத்துவிட்டால் தாயிடம் கொடுத்துவிடலாம் என்று சொல்லிவிட்டுப் போனாள். வார்டே சந்தோஷப்பட்டது. முத்துவடிவு எழுந்து உட்கார்ந்து, தாயைப் பார்க்க வந்திருந்த ஜாஹிரா பீவியின் மூத்த மகளைக் கூப்பிட்டுத் தலையைப் பின்னிக்கொண்டாள். நான் மூட்டிய அடுப்பில் இவள் சோறாக்கிக்கொள்ளப் போகிறாள் என்று பேராச்சி நினைத்தாள்.

அன்று மாலை தங்கபுஷ்பம் தெர்மாமீட்டரோடு வருகிற நேரம் பார்த்து, பேராச்சி கம்பளியைக் கொஞ்சம் நகர்த்தினாள். பிள்ளையின் இரண்டு காலும் வெளியே வந்தன. ஜன்னல் வழியாகச் சாரல் காற்று வந்துகொண்டிருந்தது. ஜாஹிரா பீவி அதைப் பார்த்துவிட்டு, "பிள்ளைக்குக் கால் வெளிய கெடக்குல்லா?" என்றாள். புழுங்குகிறது என்று பேராச்சி சொன்னாள். சாரலில் என்ன புழுக்கம் என்று ஜாஹிரா பீவி கேட்கவில்லை. ஆனால் பார்வையை எடுக்கவும் இல்லை. பாதரசம் தொண்ணூற்றைந்தரையில் நின்றது. இன்னும் இரண்டு நாள் போகட்டும் என்றாள் தங்கபுஷ்பம். பேராச்சி பிள்ளையை இறுக்கி அணைத்துக்கொண்டாள். தப்பு என்று அவளுக்குத் தோன்றாமல் இல்லை. இரண்டே நாள், கொஞ்சமே கொஞ்சம் குளிர், அதற்குப் பிறகு நாள் முழுக்கச் சூடாக வைத்திருப்பேன் என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டாள்.

மறுநாள் மத்தியானம் மறுபடியும் அதையே செய்தாள். அன்று ஜாஹிரா பீவியை வீட்டார் வந்து அழைத்துப் போயிருந்தார்கள். முத்துவடிவு கண்ணயர்ந்திருந்தாள். தங்கபுஷ்பம் வருகிற நேரம் என்று பேராச்சி கம்பளியை விலக்கி, தலைத்துணியையும் அவிழ்த்து, பிள்ளையை மாரிலிருந்து எடுத்து மடியில் கிடத்தினாள். தங்கபுஷ்பம் வரவில்லை. யாரோ பிரசவத்துக்கு வந்துவிட்டார்கள். உள்ளே சத்தம் கேட்டது. இதோ வருவாள், இதோ வருவாள் என்று பேராச்சி கதவையே பார்த்துக்கொண்டிருந்தாள். வெளியே மழை பிடித்துக்கொண்டது. ஓட்டிலிருந்து தெறித்த தண்ணீர் ஜன்னல் கம்பியில் பட்டு உள்ளே தூவியது.

குனிந்து பார்த்தபோது பிள்ளை விழித்திருந்தது. அழவில்லை. உதட்டோரம் கருநீலம் பாய்ந்திருந்தது. விரலை வாயில் வைத்தாள், சப்பவில்லை. வயிற்றில் கையை வைத்தாள். கிணற்றடிக் கல்லில் கைவைத்தது போலிருந்தது.

அந்த முகத்தை அவள் முன்பே பார்த்திருக்கிறாள். நல்ல குணம் என்று எல்லோரும் சொன்ன முகம் அது.

பிள்ளையை மாரோடு அப்பிக்கொண்டு பேராச்சி பிரசவ அறைக்கு ஓடினாள். கதவைத் திறக்கக் கூடாது என்பதெல்லாம் நினைவில் இல்லை. தங்கபுஷ்பம் திரும்பிப் பார்த்ததும் பிரசவத்தை ஆயாவிடம் விட்டுவிட்டு வந்தாள். தொண்ணூற்றொன்று. அடுப்பில் பிரசவத்துக்காகக் கொதித்துக்கொண்டிருந்த வெந்நீரைச் சோடாப் பாட்டில்களில் ஊற்றி, துணி சுற்றி இரண்டு பக்கமும் அணைவைத்தார்கள். நடுவில் பேராச்சியின் மாரில் பிள்ளை. தங்கபுஷ்பம் தன் கையைப் பாட்டிலுக்கும் பிள்ளைக்கும் நடுவில் வைத்து, சுட்டுவிடாமல் பார்த்துக்கொண்டாள். பாலாடையில் முத்துவடிவின் பால். பிள்ளை விழுங்கவில்லை, வழிந்தது. மறுபடியும் விட்டார்கள். நெடுநேரம் கழித்துத் தொண்டை ஒரு தடவை அசைந்தது. பாதரசம் கொஞ்சம் கொஞ்சமாக ஏறி, விளக்கு வைக்கும்போது தொண்ணூற்றைந்தைத் தொட்டது. பிள்ளை கத்தி அழுதது. அந்த அழுகையைக் கேட்ட பிறகுதான் தங்கபுஷ்பம் கட்டிலில் உட்கார்ந்தாள்.

"கம்பளிக்குள்ள இருந்த பிள்ள எப்படிம்மா இப்படி ஆகும்?" என்று கேட்டாள்.

பேராச்சி மறைக்கவில்லை. மறைக்கத் தெம்பும் இல்லை.

"நாந்தான் துணிய எடுத்தேன். நேத்தும் எடுத்தேன். சூடு வந்துட்டுன்னா அவகிட்ட குடுத்துருவீகல்லா. அதுக்குத்தான்."

தங்கபுஷ்பத்துக்கு முகம் சிவந்துவிட்டது. குரலை உயர்த்தவில்லை, ஆனால் சொன்ன ஒவ்வொரு வார்த்தையும் அறைந்தாற்போல விழுந்தது. ஒரு உயிரை வைத்து விளையாடியிருக்கிறீர்கள், உங்கள் வீட்டுக்காரரைக் கூப்பிட்டு இன்றைக்கே அனுப்பிவைக்கிறேன் என்றாள். பேராச்சி தலையாட்டினாள். அவிழ்ப்பதற்காகச் சேலை முடிச்சில் கையை வைத்தாள்.

அப்போது எதிர்க்கட்டிலிலிருந்து முத்துவடிவு பேசினாள். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருந்தாள்.

"அவுகள அனுப்பாதீங்க நர்ஸம்மா."

தங்கபுஷ்பம் திரும்பினாள். முத்துவடிவு கட்டிலைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றிருந்தாள். வயது பத்தொன்பதுதான். ஆனால் அன்றைக்கு அவள் குரலில் அந்த வயது இல்லை. தனக்கு இன்னும் நிற்கத் தெம்பில்லை, மேலில் சூடும் இல்லை, இந்த நிலைமையில் பிள்ளையை ஒருநாள் முழுக்க வைத்திருக்கத் தன்னால் ஆகாது என்றாள். பிறகு பேராச்சியின் முகத்தை நேராகப் பார்த்தாள்.

"பிள்ள உங்ககிட்டயே இருக்கட்டும். ஆனா என் கட்டில்ல வந்து, என் பக்கத்துல உக்காருங்க. நான் பார்க்குத மாதிரி. நான் கண்ண மூட மாட்டேன், பார்த்துக்கிடுங்க."

கம்பளியை ஒதுக்கி இடம் விட்டபடி, மெதுவாகச் சொன்னாள்.

"நீங்க அவள வச்சிக்கிட்டு முதுகக் காட்டி உக்காருவீகள்லா, அப்பல்லாம் நீங்க செத்துப்போகணும்னு நானும் நெனச்சிருக்கேன்க்கா."

பேராச்சி பிள்ளையோடு எழுந்துபோய் அந்தக் கட்டிலில் உட்கார்ந்தாள்.

அன்றிலிருந்து இரண்டு பேரும் ஒரே கம்பளிக்குள் இருந்தார்கள். சமாதானம் என்று அதைச் சொல்லமுடியாது. ஒருத்தி கொட்டாவி விட்டால் மற்றவள் விழித்துக்கொள்வாள். ஒருத்தி பிள்ளையின் காலைத் தொட்டுப் பார்த்தால், சொன்னதை நம்பாமல் மற்றவளும் தொட்டுப் பார்ப்பாள். முதலில் பேராச்சி மாரில் பாதிப் பொழுது, முத்துவடிவு மாரில் பாதிப் பொழுது என்று ஆயிற்று. பிறகு தாயின் பங்கு கூடிக்கொண்டே வந்தது. பிள்ளை கைமாறுகிற ஒவ்வொரு தடவையும் பேராச்சிக்கு மாரில் காற்றுப் பட்டுச் சில்லிட்டது. இத்தனை காவலுக்கு நடுவில் பிள்ளை குளிர்ந்துபோக இடமே இல்லை. டாக்டரம்மா அடுத்த தடவை வந்தபோது பாதரசம் தொண்ணூற்றெட்டில் நின்றது. தங்கபுஷ்பம் நடந்ததை அவளிடம் சொன்னாளா இல்லையா என்று பேராச்சிக்குத் தெரியாது. போகும்போது டாக்டரம்மா பேராச்சியை ஒரு பார்வை பார்த்தாள். வீட்டில் குளிப்பாட்டாமல் துடைத்தெடுங்கள் என்று முத்துவடிவிடம்தான் சொன்னாள்.

குத்தாலிங்கம் பிள்ளை வண்டியோடு வந்தார். மூவரும் ஏறினார்கள். அவர் வண்டிக்காரனோடு முன்னால் உட்கார்ந்து, வடகரையில் நாற்று நட்ட கதையைச் சொல்லிக்கொண்டு வந்தார். ஆஸ்பத்திரியில் நடந்தது எதுவும் அவருக்குத் தெரியாது, முத்துவடிவு சொல்லவில்லை. எதற்காகச் சொல்லவில்லை என்று பேராச்சி யோசித்துப் பார்த்தாள். இரக்கமா, பின்னால் ஒரு நாளைக்கு ஆகுமென்று எடுத்து வைத்திருக்கிறாளா? எதுவானாலும் தான் கேட்கமுடியாது என்று தெரிந்தது.

பாதி வழியில் முத்துவடிவு தாழ்ந்த குரலில், "உங்க பிள்ளைகளுக்குப் பேரு வச்சிருந்தீகளாக்கா?" என்று கேட்டாள்.

அந்தக் கேள்வியை இதுவரை அவளிடம் யாரும் கேட்டதில்லை. பேர்வைக்கிற நாள் வரைக்கும் எதுவும் இருக்கவில்லை என்று சொன்னாள் பேராச்சி. வெளியே வயலைப் பார்த்துக்கொண்டு வந்தவள், வண்டி ஒரு மேட்டில் ஏறி இறங்கிய பிறகு, கடைசிப் பிள்ளையை மட்டும் தான் மனதுக்குள் ரெங்கம்மாள் என்று கூப்பிட்டதாகச் சொன்னாள். அது தன் அம்மா பெயர். முத்துவடிவு, நல்ல பேருதான் என்றாள்.

தன் பிள்ளைக்கு அந்தப் பெயரை வைப்பாளோ என்று பேராச்சிக்கு ஒரு நப்பாசை வந்துவிட்டது. பேர்வைக்கிற நாளில் விடியற்காலையிலேயே எழுந்து குளித்துக் காத்திருந்தாள். அப்பனைப் பெற்றவள் பெயரைத்தான் வைக்கவேண்டும் என்று குத்தாலிங்கம் பிள்ளை சொல்ல, முத்துவடிவும் சரி என்றாள். பிள்ளைக்குக் குருவம்மாள் என்று பெயராயிற்று. தன் மூன்றையும் கிணற்றடியில் குளிப்பாட்டியவளின் பெயர். பேராச்சி அடுக்களைக்குப் போய்ப் பாத்திரங்களைச் சத்தமெழத் துலக்கினாள். ஒரு மாதத்துக்கு மேல் முத்துவடிவோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. பிள்ளையை மட்டும், பெயர் சொல்லாமல், ஏட்டி, ஏட்டி என்றே கூப்பிட்டு வளர்த்தாள்.